காம்போபாக்ஸ்: யாரும் தேர்ந்தெடுக்காத மதிப்பு டேட்டாபேஸில் சேர்வது எப்படி

டெக்ஸ்ட்பாக்ஸில் தப்பாக டைப் செய்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். காம்போபாக்ஸில் (கிளிக் செய்தால் பட்டியல் விரியும் பெட்டி, டிராப் டவுன் என்றும் சொல்வோம்) தப்பாக விழும் மதிப்பு, பட்டியலில் உள்ள இன்னொரு சரியான மதிப்பாகவே இருக்கும். மாவட்டம் வேலூர் என்று பதிவாகியிருக்கும். எழுத்துப்பிழை கிடையாது, எண் சரி, ஃபாரின் கீ (இன்னொரு அட்டவணையின் வரியைச் சுட்டும் எண்) பொருந்துகிறது. ஆனால் விண்ணப்பித்தவர் திருவாரூர்க்காரர். எந்த வாலிடேஷனும் (சரிபார்ப்பும்) இதைப் பிடிக்காது. அதனால் டிராப் டவுன் விஷயத்தில் எதை முடிவு செய்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: சேவ் ஆகிற மதிப்பை ஃபார்மின் முன் உட்கார்ந்திருப்பவர் தேர்ந்தெடுத்தாரா, ப்ரோகிராம் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டதா?

விண்டோஸ் ஃபார்ம்ஸை (டாட் நெட்டில் டெஸ்க்டாப் ஃபார்ம்களை எழுதும் மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பம்) வைத்தே சொல்கிறேன். அலுவலகங்களில் இன்றும் ஓடும் டெஸ்க்டாப் அப்ளிகேஷன்களில் ஏராளமானவை அதில் எழுதப்பட்டவை. உதாரணத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த முகவரி ஃபார்ம்: மாவட்டம், வட்டம், கிராமம்.

முதலில் காம்போபாக்ஸ் தேவையா என்று பாருங்கள். இரண்டு, மூன்று வாய்ப்புகள்தான் என்றால் ரேடியோ பட்டன் போதும். எல்லா வாய்ப்பும் கண் முன்னே இருக்கும், ஒரே கிளிக்கில் வேலை முடியும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்கள் காம்போபாக்ஸுக்கு ஏற்ற அளவு. கிராம ஊராட்சிகளோ 12,000-க்கும் மேல். வட்டத்தை வைத்து வடிகட்டாமல் அவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டினால் ஃபார்ம் திறக்கவே நேரமாகும், தேடவும் முடியாது. அந்த இடத்துக்கு ஒரு டெக்ஸ்ட்பாக்ஸும், பெயரின் எந்தப் பகுதியை அடித்தாலும் தேடித் தரும் சிறு விண்டோவும்தான் சரி. சில நூறைத் தாண்டும் எந்தப் பட்டியலுக்கும் இதையே செய்வேன். ஒன்றுக்கு மேற்பட்டவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் காம்போபாக்ஸை வளைக்க முயலாமல் செக்டுலிஸ்ட்பாக்ஸுக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது டிராப்டவுன்ஸ்டைல், அதாவது பெட்டியில் டைப் செய்யலாமா கூடாதா என்பதை முடிவு செய்யும் ப்ராப்பர்ட்டி. டிஃபால்ட்டாக வருவது டிராப்டவுன். அதில் பட்டியலும் உண்டு, டைப் செய்யவும் முடியும். பட்டியலில் உள்ளது மட்டுமே வரவேண்டிய இடத்தில் இதை அப்படியே விட்டுவிடுவது மிகவும் பரவலான தவறு. ஒருவர் "மதுரை" என்று கையால் அடித்துவிட்டு டேப் தட்டினால், திரையில் மதுரை என்றுதான் தெரியும். ஆனால் டைப் செய்ததால் மட்டும் செலக்டட்இண்டெக்ஸ் (தேர்வான வரியின் எண்) மதுரைக்கு நகர்ந்துவிடாது. தேர்வு மாறியதைக் கோடுக்குச் சொல்லும் செலக்டட்இண்டெக்ஸ்சேஞ்ச்டு ஈவென்ட்டும் வராது. கண் ஒன்றைப் பார்க்கிறது, கோட் வேறொன்றை எடுக்கிறது. மாவட்டம் போன்றவற்றுக்கு, டைப் செய்ய விடாத டிராப்டவுன்லிஸ்ட் வையுங்கள். புது மதிப்பை அடிக்கவும் அனுமதி வேண்டும் என்ற இடத்தில் மட்டும் டிராப்டவுன் வைத்து, வாலிடேட்டிங் ஈவென்ட்டில் ஃபைண்ட்ஸ்ட்ரிங்எக்ஸாக்ட் மூலம் அடித்த எழுத்தைப் பட்டியலில் தேடுங்கள். கிடைத்தால் அந்த எண்ணைச் செலக்டட்இண்டெக்ஸில் போடுங்கள், -1 வந்தால் புது மதிப்பு.

டிராப்டவுன்லிஸ்டுக்கு மாற்றியதும் ஒரு புகார் வரும்: "மஞ்சள் நிறம் போட்டேன், தெரியவில்லை." விஸ்டா முதல் விண்டோஸ் தீம் அந்த ஸ்டைலைப் பட்டன் போல வரைகிறது, பேக்கலரை (பின்னணி நிறத்தை) மதிப்பதில்லை. கட்டாயப் புலத்தை நிறத்தால் காட்ட வேண்டுமானால் ஃப்ளாட்ஸ்டைலை ஃப்ளாட் ஆக்குங்கள்.

பைண்டிங்: வரிசை முக்கியம்

பெட்டியைத் தரவுப் பட்டியலோடு இணைப்பதுதான் பைண்டிங். டேட்டாசோர்ஸ் என்பது அந்தப் பட்டியல், டிஸ்ப்ளேமெம்பர் திரையில் தெரியும் காலம் (column), வேல்யூமெம்பர் செலக்டட்வேல்யூவாக வரும் காலம். பெட்டியில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக "சிஸ்டம்.டேட்டா.டேட்டாரோவியூ" என்று வந்தாலோ, ஃபார்ம் திறக்கும்போதே கேஸ்ட் எக்செப்ஷன் (டைப் மாற்ற முடியாத பிழை) வந்தாலோ, முதலில் பார்க்க வேண்டியது வரிசையை. டேட்டாசோர்ஸை முதலில் கொடுத்து, டிஸ்ப்ளேமெம்பர், வேல்யூமெம்பர் இரண்டையும் பிறகு கொடுத்தால், டேட்டாசோர்ஸ் கொடுத்த நொடியிலேயே ஈவென்ட் ஓடிவிடும். அந்த நேரத்தில் எந்தக் காலம் மதிப்பு என்று பெட்டிக்குத் தெரியாது, முழு வரியையே (row) செலக்டட்வேல்யூ என்று நீட்டும். டிஸ்ப்ளேமெம்பர், வேல்யூமெம்பர், கடைசியாக டேட்டாசோர்ஸ் என்ற வரிசையைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதே பிழை இன்னொரு வழியாகவும் வரும். பட்டியலைக் காலி செய்ய டேட்டாசோர்ஸுக்கு நல் (null, மதிப்பே இல்லை என்பது) கொடுத்தால் டிஸ்ப்ளேமெம்பரும் சேர்ந்து அழிந்துவிடும். அடுத்த முறை டேட்டாசோர்ஸை மட்டும் கொடுத்தால் மறுபடி டேட்டாரோவியூ எட்டிப் பார்க்கும். பெட்டிக்கும் பட்டியலுக்கும் இடையே நிற்கும் ஒரு பைண்டிங்சோர்ஸை வைத்து அதன் டேட்டாசோர்ஸை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பைண்ட் ஆனவுடன் பெட்டி முதல் வரியைத் தானாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். புதுப் பதிவுக்கு ஃபார்மைத் திறந்தால் மாவட்டம் ஏற்கெனவே அரியலூர். ஊழியர் அதைத் தொடாமல் சேவ் அழுத்தினாலும் பதிவு ஆகிவிடும். அரியலூரில் மட்டும் ஏன் இத்தனை விண்ணப்பங்கள் என்று யாராவது அறிக்கையைப் பார்த்துக் கேட்கும்வரை தெரியாது. பட்டியலின் தலையில் "தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு வரியைச் சேர்த்து அதற்கு 0 கொடுங்கள், சேவ் செய்யும்போது 0 என்றால் நிறுத்துங்கள். செலக்டட்இண்டெக்ஸை -1 (எதுவும் தேர்வாகாத நிலை) ஆக்குவதும் வழிதான். ஆனால் ஃபார்மின் கன்ஸ்ட்ரக்டரில் அதைச் செய்தால், பைண்டிங் பிற்பாடு முழுமையாக இணையும்போது மறுபடி முதல் வரிக்கே போய்விடலாம். லோட் ஈவென்ட்டில் செய்யுங்கள்.

செலக்டட்வேல்யூவுக்கு 5 கொடுத்தும் பெட்டி காலியாக இருக்கிறதா? டைப்பைப் பாருங்கள். பட்டியலில் உள்ள ஆப்ஜெக்ட்டின் எண் லாங் (64 பிட் முழு எண்), நீங்கள் கொடுப்பது இன்ட் (32 பிட்) என்றால் இரண்டும் 5 ஆக இருந்தும் ஈக்வல்ஸ் ஒப்பீட்டில் பொருந்தாது. ஸ்ட்ரிங் "5" கொடுத்தாலும் இதே கதிதான். எக்செப்ஷன் எதுவும் வராது, -1 மட்டும் வரும்.

பிறந்த ஊர், தற்போதைய ஊர் என்று இரண்டு பெட்டிகளுக்கு ஒரே லிஸ்ட்டை டேட்டாசோர்ஸாகக் கொடுத்தால், ஒன்றை மாற்றும்போது இன்னொன்றும் கூடவே மாறும். ஒரே ஃபார்மில் ஒரே லிஸ்ட்டுக்கு "இப்போது எந்த வரி" என்பதை நினைவில் வைத்திருக்கும் கரன்சிமேனேஜர் ஒன்றுதான், இரண்டு பெட்டிகளும் அதையே பின்பற்றுகின்றன. பெட்டிக்கு ஒன்றாக இரண்டு பைண்டிங்சோர்ஸ் வைத்தால் தீரும்.

மவுஸ் வீல்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓசையில்லாமல் அதிக நாசம் செய்வது இதுதான். ஊழியர் மாவட்டப் பட்டியலைத் திறக்கிறார், திருவாரூரைக் கிளிக் செய்கிறார், பட்டியல் மூடிக்கொள்கிறது. ஃபோகஸ் (கீபோர்டும் வீலும் போய்ச் சேரும் இடம்) இன்னும் அந்தப் பெட்டியில்தான். ஃபார்ம் நீளமானது, கீழே போக வீலை உருட்டுகிறார். ஃபார்ம் நகரவில்லை. மூடியிருக்கும் பெட்டிக்குள் தேர்வு நகர்கிறது. ஆங்கில அகரவரிசைப் பட்டியலில் திருவாரூருக்கு அடுத்தது வேலூர். அவர் பார்வை அடுத்த புலத்துக்குப் போய்விட்டது, எதையும் கவனிக்கவில்லை.

தீர்வு சிறியது. மவுஸ்வீல் ஈவென்ட்டில், டிராப்டவுன் திறந்திருக்கவில்லை என்றால் ஈவென்ட் ஆர்க்யுமென்ட்டை ஹேண்டில்டுமவுஸ்ஈவென்ட்ஆர்க்ஸாக கேஸ்ட் செய்து, ஹேண்டில்டு என்பதை ட்ரூ ஆக்குங்கள். டிராப்டுடவுன் ட்ரூவாக இருக்கும்போது தடுக்கக் கூடாது, திறந்த பட்டியலை உருட்டத்தான் வேண்டும். இந்த ஈவென்ட் டிசைனரின் ஈவென்ட் பட்டியலில் தெரியாது, கோடில்தான் இணைக்க வேண்டும். ஒவ்வொரு ஃபார்மிலும் திரும்ப எழுதுவதைவிட, காம்போபாக்ஸிலிருந்து ஒரு கிளாஸை இன்ஹெரிட் செய்து, ஆன்மவுஸ்வீலை ஓவர்ரைடு செய்து, ப்ராஜெக்ட் முழுக்க அதையே போடுங்கள். மைக்ரோசாஃப்டின் இன்னொரு டெஸ்க்டாப் தொழில்நுட்பமான டபிள்யூபிஎஃப்-இலும் ஃபோகஸ் உள்ள பெட்டி இப்படித்தான் நடந்துகொள்ளும், அங்கே ப்ரிவியூமவுஸ்வீலில் தடுக்க வேண்டும். க்யூட் (Qt) என்ற லைப்ரரியின் க்யூகாம்போபாக்ஸ் இன்னும் மோசம்: ஃபோகஸே இல்லாமல் கர்சர் மேலே நின்றாலே உருளும். அங்கே ஈவென்ட் ஃபில்டர் வைத்து வீல் ஈவென்ட்டை இக்னோர் செய்வதோடு, ஃபோகஸ் பாலிசியையும் ஸ்ட்ராங்ஃபோகஸுக்கு மாற்றுங்கள்.

பட்டியலில் இல்லாத பழைய மதிப்பு

2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகிய மாவட்டங்கள் உருவாயின. 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம், மயிலாடுதுறை வட்டங்கள் புது மாவட்டத்துக்குப் போயின. இப்போது 2018-இல் பதிவான ஒரு முகவரியைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: மாவட்டம் நாகப்பட்டினம், வட்டம் சீர்காழி. வட்ட அட்டவணையில் சீர்காழியை மயிலாடுதுறைக்கு மாற்றியாகிவிட்டது. மாவட்டப் பெட்டி நாகப்பட்டினத்தைக் காட்டும், வட்டப் பட்டியல் நாகப்பட்டினத்தின் இன்றைய வட்டங்களை மட்டும் எடுத்து வரும். சீர்காழி அதில் இல்லை, ஆகவே பெட்டி காலி. ஊழியர் வந்தது ஃபோன் நம்பரை மாற்ற. மாற்றிவிட்டு சேவ் செய்கிறார். காலியாக இருந்த வட்டமும் சேர்ந்து சேவ் ஆகிறது.

எப்படிச் சேவ் ஆகிறது என்பது உங்கள் கோடைப் பொறுத்தது. செலக்டட்வேல்யூ நல் ஆக இருக்கும்போது அதை நேராக இன்ட்டுக்கு கேஸ்ட் செய்திருந்தால் எக்செப்ஷன் வரும், தவறு தெரிந்துவிடும். கன்வெர்ட்.டுஇன்ட்32 பயன்படுத்தியிருந்தால் நல்லுக்கு அது 0 தரும், எந்தச் சத்தமும் இல்லாமல் 0 பதிவாகும். "பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று கன்வெர்ட் போடும் பழக்கம் இங்கே எதிராக வேலை செய்கிறது.

சரிசெய்ய, பட்டியலை எடுக்கும் க்வெரியில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்: இந்த மாவட்டத்தின் வட்டங்கள், அல்லது இந்தப் பதிவில் ஏற்கெனவே உள்ள வட்டம். பழைய மதிப்பு பட்டியலில் வந்துவிடும், "சீர்காழி - பழைய பதிவு" என்பது போல ஒரு குறிப்போடு காட்டலாம். புதுப் பதிவுகளுக்கு அது தெரியாது. ஓய்வுபெற்ற அலுவலர், மூடப்பட்ட கிளை, நிறுத்தப்பட்ட பொருள் என்று "செயலில் உள்ளவை மட்டும்" என வடிகட்டும் எல்லாப் பட்டியலுக்கும் இது பொருந்தும். இந்த நிபந்தனை இல்லாத வடிகட்டலை நான் கோட் ரிவ்யூவில் ஏற்றுக்கொள்வதில்லை.

ஒன்றைச் சார்ந்த மற்றொன்று

மாவட்டம் மாறினால் வட்டம் மாற வேண்டும். இந்த வேலையைச் செலக்டட்இண்டெக்ஸ்சேஞ்ச்டில் எழுதினால், ஊழியர் மாற்றினாலும் ஓடும், பைண்டிங் மாற்றினாலும் ஓடும், பதிவைத் திறக்கும்போது உங்கள் கோட் மாற்றினாலும் ஓடும். அதைத் தடுக்க "லோட் ஆகிறது" என்று ஒரு ஃப்ளாக், பிறகு அந்த ஃப்ளாக்குக்கு இன்னொரு ஃப்ளாக் என்று கோட் சிக்கலாகும். செலக்ஷன்சேஞ்ச்கமிட்டட் ஈவென்ட் ஆள் கை வைத்தால் மட்டுமே வரும். சார்ந்த பட்டியலை மாற்ற அதுவே சரியான இடம். அதற்குள் டெக்ஸ்ட்டைப் படிக்காதீர்கள், டிராப்டவுன் ஸ்டைலில் பழைய எழுத்தே கிடைக்கலாம். செலக்டட்வேல்யூவை எடுங்கள். இதற்கெல்லாம் அடியில் உள்ள விண்டோஸின் வின்32 அளவிலும் இதே குணம் உண்டு: சிபிஎன்_செல்சேஞ்ச் வரும் நேரத்தில் எடிட் பகுதி இன்னும் மாறியிருக்காது.

வட்டங்களை ஏற்றும் வேலையைத் தனி ஃபங்ஷனாக எழுதுங்கள். பதிவைத் திறக்கும்போது மாவட்டத்தை வைத்து, அந்த ஃபங்ஷனை நீங்களே அழைத்து, பிறகு வட்டத்தை வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வட்டம் எப்போதும் காலியாகவே நிற்கும். சர்வரிலிருந்து அசின்க் ஆக (பதில் வரும்வரை ஃபார்மை நிறுத்தாமல்) எடுப்பதானால் இன்னொரு கவனமும் வேண்டும். ஊழியர் மதுரையைத் தேர்ந்தெடுத்து உடனே தேனிக்கு மாற்றினால், மதுரையின் பதில் தாமதமாகி, தேனியின் பதிலுக்குப் பிறகு வந்து சேரலாம். பட்டியலைப் பைண்ட் செய்வதற்கு முன், கேட்டபோது இருந்த மாவட்டமே இப்போதும் பெட்டியில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

செலக்டட்வேல்யூவை டேட்டாபைண்டிங்ஸ் வழியாக நேரே பதிவோடு இணைத்திருந்தால், "மாற்றினேன், சேவ் ஆகவில்லை" என்ற புகார் வரும். டிஃபால்ட் அப்டேட் மோட் ஆன்வாலிடேஷன், அதாவது ஃபோகஸ் பெட்டியை விட்டு வெளியேறினால்தான் மதிப்பு பதிவுக்குப் போகும். டூல்ஸ்ட்ரிப்பில் உள்ள சேவ் பட்டன் ஃபோகஸை எடுப்பதில்லை. சேவ் கோடின் தொடக்கத்தில் ஃபார்மின் வாலிடேட், பிறகு பைண்டிங்சோர்ஸின் எண்ட்எடிட் என்று இரண்டையும் அழைத்தால் போதும்.

தோற்றம், தேடல்

மேக்ஸ்டிராப்டவுன்ஐட்டம்ஸ் டிஃபால்ட் 8, ஆனால் பட்டியல் 30 வரி நீளத்துக்கு விழுகிறதா? இன்டக்ரல்ஹைட்டை ஃபால்ஸ் ஆக்குங்கள். விஷுவல் ஸ்டைல் உள்ள பெட்டிக்கு விண்டோஸ் வைத்திருக்கும் அளவு 30. இன்டக்ரல்ஹைட் ட்ரூவாக இருக்கும்வரை உங்கள் 8-க்கு மதிப்பில்லை. பெயர்கள் வலப்பக்கம் வெட்டுப்பட்டால், டெக்ஸ்ட்ரெண்டரர்.மெஷர்டெக்ஸ்ட் கொண்டு மிக நீளமான வரியை அளந்து, அதோடு ஸ்க்ரோல்பாரின் அகலத்தையும் கூட்டி டிராப்டவுன்வித்தில் போடுங்கள். பெட்டியை அகலமாக்கத் தேவையில்லை.

தமிழில் பட்டியல் காட்டும்போது கு, ரூ போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். டாட் நெட் ஃப்ரேம்வொர்க்கில் டிஃபால்ட் ஃபான்ட் மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப். வரி உயரம் அதை வைத்துக் கணக்கிடப்படுகிறது, தமிழ் எழுத்துகள் வேறொரு ஃபான்ட்டிலிருந்து வந்து உட்காருகின்றன. பெட்டியின் ஃபான்ட்டை நிர்மலா யுஐ என்று வெளிப்படையாக வைத்தால் உயரமும் அதற்கேற்ப மாறும். வரிசைப்படுத்துவதிலும் ஒரு கவனம்: யூனிகோடு எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து வருகிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து. பைனரி கொலேஷனில் (அந்த எண்ணை மட்டும் பார்க்கும் முறையில்) வரிசைப்படுத்தினால் அகராதி வரிசை கிடைக்காது. அட்டவணையில் வரிசை எண்ணுக்கு ஒரு காலம் வைத்து அதன்படி எடுப்பதே நிம்மதி. பைண்ட் செய்த பெட்டியில் சார்ட்டட் ட்ரூ போட்டால் எக்செப்ஷன்தான் வரும்.

ஆட்டோகம்ப்ளீட் டாட் நெட் 2.0-இலிருந்து இருக்கிறது. டிராப்டவுன்லிஸ்டுக்கு அதன் சோர்ஸ் லிஸ்ட்ஐட்டம்ஸாகத்தான் இருக்க வேண்டும். அது முன்னெழுத்துகளை மட்டுமே பொருத்தும். திரு என்று தொடங்கும் மாவட்டங்கள் மட்டும் ஏழு, ஆகவே "வாரூர்" என்று அடித்துத் திருவாரூரைப் பிடிக்க முடியாது. அந்த வசதி வேண்டுமென்றால் மேலே சொன்ன தேடல் விண்டோவுக்குப் போங்கள். டெக்ஸ்ட்சேஞ்ச்டு ஈவென்ட்டுக்குள் ஆட்டோகம்ப்ளீட்கஸ்டம்சோர்ஸை மாற்றி மாற்றிக் கொடுத்து இதைச் சாதிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது அக்சஸ்வயலேஷன்எக்செப்ஷனில் அப்ளிகேஷனையே சாய்க்கும், அதுவும் எப்போதாவது ஒருமுறை மட்டும்.

கிரிடுக்குள் காம்போபாக்ஸ்

"டேட்டாகிரிட்வியூகாம்போபாக்ஸ்செல் வேல்யூ இஸ் நாட் வேலிட்" என்ற டயலாக் கிரிடில் (தரவை அட்டவணையாகக் காட்டும் டேட்டாகிரிட்வியூவில்) வந்தால், செல்லில் உள்ள மதிப்பு காலத்தின் பட்டியலில் இல்லை என்று பொருள். பழைய மதிப்பு பிரச்சினையாக இருக்கலாம், இன்ட்-லாங் வேறுபாடாக இருக்கலாம், டேட்டாபேஸில் நீளம் குறிப்பிட்ட கேர் காலமாக இருந்து வால் ஸ்பேஸ்களோடு வந்ததாகவும் இருக்கலாம். டேட்டாஎரர் ஈவென்ட்டைக் காலியாக எழுதி டயலாக்கை மட்டும் மறைப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. குறைந்தபட்சம் எந்த வரி, எந்தக் காலம், என்ன மதிப்பு என்று லாக் செய்யுங்கள், காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

கிரிடில் தேர்ந்தெடுத்தவுடன் செல்வேல்யூசேஞ்ச்டு வராது, செல்லை விட்டு நகர்ந்த பிறகே வரும். உடனே வேண்டுமென்றால் கரன்ட்செல்டர்ட்டிஸ்டேட்சேஞ்ச்டில் கமிட்எடிட் அழையுங்கள். எடிட்டிங்கன்ட்ரோல்ஷோயிங்கில் ஈவென்ட் இணைப்பவர்கள், இணைப்பதற்கு முன் பழைய இணைப்பைக் கட்டாயம் நீக்க வேண்டும். கிரிட் ஒரே எடிட்டிங் பெட்டியைத்தான் செல்லுக்குச் செல் திரும்பப் பயன்படுத்துகிறது. நீக்காவிட்டால் பத்து செல்களைத் தொட்ட பிறகு ஒரு தேர்வுக்கு உங்கள் கோட் பத்து முறை ஓடும். அந்தப் பெட்டி வேறொரு காம்போ காலத்துக்கும் போகும் என்பதால், இப்போது எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று பார்த்த பிறகே இணையுங்கள்.